மைக்ரோவேவ் ஓவன்: கடலோர வீட்டுக்கான முழு வழிகாட்டி

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு அக்கா வீட்டுக்கு ஓவன் பார்க்கப் போயிருந்தேன். "உள்ள பட்டுபட்டுனு பொறி பறக்குது" என்று போனில் சொல்லியிருந்தார். நான் பையைக் கீழே வைப்பதற்குள் பேரப்பிள்ளையை வாசலுக்கு அனுப்பிவிட்டார். "கதிர் வெளிய வருதான்னு மொதல்ல பாருங்க தம்பி, புள்ள எப்பவும் இது முன்னாடிதான் நிக்குது."

கதவைத் திறந்தேன். வலப்பக்கச் சுவரில் இருக்கும் மைக்கா அட்டையில் நாலணாக் காசு அளவுக்கு ஒரு கருகல். விரல் வைத்தால் கரி ஒட்டியது. அட்டையின் கீழ் ஓரத்தில் காய்ந்த மீன்குழம்புப் பிசுக்கு. குழம்பை மூடாமலே சூடு பண்ணிப் பண்ணி, தெறித்த எண்ணெய் அங்கே படிந்து, அதுவே வெந்து கரியாகி, இப்போது அந்தக் கரியில்தான் பொறி. கதவு, கீல், பூட்டு எல்லாம் சரியாக இருந்தன. கதவோரம் முழுக்க, கதிர் கசிகிறதா என்று காட்டும் லீக் மீட்டரை நகர்த்திக் காட்டினேன். முள் அசையவில்லை. அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறொன்று. ஓவனின் பிளக், மிக்ஸியும் கெட்டிலும் ஏற்கெனவே சொருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தது. பாக்ஸைத் தொட்டேன், சுட்டது. ஒரு ஓரம் பழுப்பேறி இளகியிருந்தது. அந்த வீட்டில் அதைப் பார்த்து யாரும் பயந்ததே இல்லை.

கடலூரிலும் புதுச்சேரியிலுமாகப் பல வருஷம் இந்த ரிப்பேர் வேலையில் இருக்கிறேன். எல்லாரும் கேட்பது கதிரைப் பற்றித்தான். நான் நேரில் பார்த்த காயங்களோ கொதித்த தண்ணீராலும், ஆவியாலும், உருகிய பிளக்காலும், பின்மூடியைக் கழற்றியதாலும் வந்தவை. ஓவன் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து சொல்ல ஆசைப்படுவதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

ஓவனின் இதயம் மேக்னட்ரான் என்ற குழல். இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காக அதைப் பெருமளவில் செய்தார்கள். அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர், 1945-இல் ஓடிக்கொண்டிருந்த மேக்னட்ரான் பக்கத்தில் நின்றபோது சட்டைப் பையிலிருந்த இனிப்பு இளகியதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த அடுப்பு. 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் ஓவன் ஆள் உயரம் இருந்தது, எடை சுமார் 340 கிலோ.

நம் வீட்டு ஓவன் 2450 மெகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. ரேடியோ அலை, வைஃபை அலை எல்லாம் இதன் உறவுக்காரர்கள்தான். உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை இது விநாடிக்குக் கோடிக்கணக்கான தடவை அப்படியும் இப்படியும் திருப்புகிறது, அந்த உலுக்கலில்தான் சூடு வருகிறது. எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி இதற்குக் கிடையாது. சுவிட்ச் நின்ற கணமே அலையும் நின்றுவிடும், பல்பை அணைத்தால் வெளிச்சம் போவது போல. உணவுக்குள் கதிர் தங்குவதில்லை.

அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் பொடிப்பொடி ஓட்டைகளோடு ஒரு உலோகத் தகடு தெரிகிறதே, அதன் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். வெளிச்சம் அதன் வழியே வந்துவிடும், 12 சென்டிமீட்டர் அலை வராது. கதவு முழுதாக மூடினால்தான் ஓவன் ஓடும்படி உள்ளே இரண்டு மூன்று லாக் சுவிட்சுகள் வேறு இருக்கின்றன. கதவிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்பது உலக அளவில் கடைப்பிடிக்கும் வரம்பு. ஒரு முழம் தள்ளி நின்றாலே அதிலும் மிகச் சிறு பங்குதான் வந்து சேரும்.

ஆக, கதிரைப் பற்றி நீங்கள் பார்க்க வேண்டியது கதவை மட்டும். கதவு கோணியிருக்கிறதா, கீல் தளர்ந்திருக்கிறதா, மூடும்போது ஒரு பக்கம் இடைவெளி விடுகிறதா, கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா, தகட்டில் துரு ஓட்டை விழுந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஓட்டாதீர்கள். திறந்த கதவின் மேல் கையை ஊன்றுவதும், ஈரத்துணியைத் தொங்கவிடுவதும், பிள்ளைகள் அதைப் பிடித்துத் தொங்குவதும் கதவைக் கோண வைக்கும். செல்போனை உள்ளே வைத்து ரிங் போகிறதா என்று பார்க்கும் சோதனையைப் பலர் செய்கிறார்கள். அதை நம்பாதீர்கள். போனுக்கு மிக மெல்லிய சிக்னல் போதும், அதன் அலைவரிசையும் வேறு. நல்ல ஓவனிலும் ரிங் போகும்.

இடமும் பிளக்கும்

ஓவன் வந்ததும் முதல் வேலை இடம் பார்ப்பது. நம் ஊரில் கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். உப்புக்காற்று பின்பக்கத் திருகுகளையும், காற்றுத் துளைத் தகட்டையும், பிளக் பின்னையும்தான் முதலில் தின்னும். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் மஞ்சக்குப்பத்தில் பத்து வருஷம் ஓடும் அதே மாடல் ஓவன், கடற்கரை ஓரத்து வீட்டில் நாலைந்து வருஷத்தில் அடித்தகடு பொத்தலாகி என் கடைக்கு வந்திருக்கிறது. உள்சுவரோ முற்றத்தை ஒட்டிய சுவரோ நல்லது. கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். தாளிக்கும் எண்ணெய்ப் புகையைக் கூலிங் ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பின்னாலும் இருபுறமும் ஒரு 10 சென்டிமீட்டர், மேலே 20 முதல் 30 சென்டிமீட்டர் காலி இருக்கட்டும். உங்கள் மாடலின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே கணக்கு. ஓவன் தலைமேல் துணி விரிப்பதும், நியூஸ்பேப்பர் கட்டு வைப்பதும் காற்றுத் துளையை அடைக்கும். உயரம் உங்கள் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, எட்டி எடுக்கும்போது ரசம் முகத்தில் கொட்டிய வீடு எனக்குத் தெரியும்.

இனி பிளக். 20 லிட்டர் சாதா ஓவனின் பின்பக்க லேபிளைப் பாருங்கள். வெளியே கொடுப்பது 700 அல்லது 800 வாட் என்றால், மின்சாரம் இழுப்பது 1100, 1200 வாட் இருக்கும். 1200-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் 5.2 ஆம்ப். 6 ஆம்ப் பாயின்டுக்கு அதுவே விளிம்பு. சூடான காற்றைச் சுழற்றி வேகவைக்கும் கன்வெக்‌ஷன் மாடல் 2000 வாட்டுக்கு மேலும் இழுக்கும், அதாவது 9 ஆம்பும் அதற்கு மேலும் போகும். அதனால் எந்த மாடலானாலும் எர்த் உள்ள தனி 16 ஆம்ப் பாயின்ட்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் நுழைக்கும் கன்வெர்ஷன் பிளக்கும் வேண்டாம். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், எர்த் ஒயர் வந்திருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால் சூடு குறைவாகத்தான் வரும். ஓவன் மேல் பழி போட வேண்டாம். ஸ்டெபிலைசர் போடுவதானால் ஓவன் இழுக்கும் வாட்டுக்கு மேல் தாங்குவதாகப் பாருங்கள். டி.வி. ஸ்டெபிலைசர் எரிந்துபோகும்.

முதல் நாள் செய்ய வேண்டியது

உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஃபிலிமை உரித்துவிடுங்கள். வலப்பக்கச் சுவரிலுள்ள பழுப்பு நிற அட்டையை மட்டும் உரிக்காதீர்கள். பேக்கிங் என்று நினைத்துப் பிய்த்து எறிந்தவர்கள் நிறையப் பேர். அதுதான் மைக்கா, மேக்னட்ரானுக்குப் போகும் வழியின் கதவு.

அடுத்து, உங்கள் ஓவனின் உண்மையான பலத்தை அளந்து பாருங்கள். இதை நான் எல்லாருக்கும் சொல்கிறேன், செய்பவர்கள் குறைவு. ஒரு கண்ணாடி பாத்திரத்தில் சரியாக 1 லிட்டர் குழாய்த் தண்ணீர். சமையல் தெர்மாமீட்டரால் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபுல் பவரில் சரியாக 1 நிமிஷம். வெளியே எடுத்து, கலக்கிவிட்டு, மறுபடி அளங்கள். எத்தனை டிகிரி ஏறியதோ அதை 70-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஓவனின் வாட். 28 டிகிரித் தண்ணீர் 38 ஆகியிருந்தால் 10 டிகிரி, அதாவது 700 வாட். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஓவன் பக்கவாட்டில் ஒட்டுங்கள். வருஷம் ஒரு தடவை இதையே திரும்பச் செய்யுங்கள். வோல்டேஜ் நன்றாக இருக்கும்போதும் 10 டிகிரி ஏறியது 6 டிகிரிக்கு வந்துவிட்டால் மேக்னட்ரான் தளர்ந்திருக்கலாம். சமையல் குறிப்பில் 900 வாட்டில் 3 நிமிஷம் என்று போட்டிருந்தால் 700 வாட்டில் 4 நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும் என்ற கணக்கும் இதிலிருந்தே வரும்.

இன்னொரு சோதனை அப்பளத்தில். சுழலும் வளையத்தை எடுத்துவிட்டு, கண்ணாடித் தட்டை அசையாமல் கவிழ்த்து வைத்து, இரண்டு மூன்று அப்பளத்தை நெருக்கமாகப் பரப்பி அரை நிமிஷம் ஓட்டுங்கள். அங்கங்கே வட்ட வட்டமாகப் பொரிந்திருக்கும், நடுநடுவே பச்சையாகவே கிடக்கும். பொரிந்த இடங்கள் சில விரல் இடைவெளியில் இருக்கும். அலைகள் மோதிக் கூடும் இடம் சூடு, அடங்கும் இடம் குளிர். தட்டு சுற்றுவது இதைச் சமன் செய்யத்தான். தட்டு சுற்றாத ஓவனில் சோற்றைச் சூடு பண்ணினால் ஒரு கவளம் நாக்கைச் சுடும், அடுத்த கவளம் சில்லென்று இருக்கும். பார்த்து முடித்ததும் வளையத்தைத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

எந்தப் பாத்திரம்

சூடு தாங்கும் அழுத்தமான போரோசிலிகேட் கண்ணாடி முதலிடம். ஜரிகைக் கோடு இல்லாத பீங்கான் அடுத்தது. தங்க, வெள்ளிக் கோடு போட்ட தட்டு பொறி கக்கும். எவர்சில்வர், அலுமினியம், பித்தளை, அலுமினிய ஃபாயில் எதுவும் மைக்ரோ மோடில் வேண்டாம். கல்யாண வீட்டுப் பார்சலை அப்படியே உள்ளே தள்ளுகிறோமே, அந்த ஃபாயில் டப்பாவும், உள்ளே வெள்ளிப்பூச்சு உள்ள கவரும், ஸ்டேப்ளர் பின்னும் கூடாது. டீ பாக்கெட்டின் நுனிப் பின் ஒன்றே போதும், பேப்பர் பற்றிக்கொள்ள.

பிளாஸ்டிக்கில் அடியைத் திருப்பிப் பார்த்து, மைக்ரோவேவ் குறி இருந்தால் மட்டும். முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பாலிப்ரோப்பிலின் டப்பாக்களில்தான் பெரும்பாலும் அந்தக் குறி இருக்கும். அதிலும் எண்ணெய் மிதக்கும் குருமாவையும் சர்க்கரைப் பாகையும் போடாதீர்கள். தண்ணீர் 100 டிகிரியில் நின்றுகொள்ளும், எண்ணெயும் பாகும் அதைத் தாண்டிப் போய் டப்பாவை இளக்கிவிடும். ஐஸ்கிரீம் டப்பா, தெர்மோகோல் தட்டு, மெலமைன் தட்டு மூன்றும் வேண்டவே வேண்டாம். மெலமைன் பார்க்கப் பீங்கான் மாதிரியே இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

சந்தேகமான பாத்திரம் என்றால் இப்படிப் பாருங்கள். காலிப் பாத்திரத்தோடு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரையும் வைத்து 1 நிமிஷம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடேறி, பாத்திரம் குளிர்ந்திருந்தால் நல்லது. பாத்திரமே சுட்டால் அது அலையைக் குடிக்கிறது. வில்லியனூர் மண்சட்டியில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: பூச்சில்லாத மண்பாத்திரம் தண்ணீரை உறிஞ்சி வைத்திருப்பதால் கை வைக்க முடியாமல் சுடும், சில நேரம் விரிசலும் விடும்.

கிரில், கன்வெக்‌ஷன் ஓவன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: கம்பி ஸ்டாண்ட் அந்த மோடுகளுக்கானது. மறுநாள் காலை அதை உள்ளேயே விட்டுவிட்டு மைக்ரோ மோடில் பால் சூடு பண்ணுவதுதான் நான் பார்க்கும் தவறுகளில் அடிக்கடி நடப்பது. கன்வெக்‌ஷனில் உள்ளே 200 டிகிரியும் அதற்கு மேலும் போகும், அதில் மைக்ரோவேவ் குறி போட்ட பிளாஸ்டிக்கும் உருகும்.

அன்றாடம் சூடு பண்ணும் முறை

அலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இறங்கும். அதற்கு உள்ளே இருப்பது மெல்ல மெல்லக் கடத்தப்பட்ட சூட்டால்தான் வேகும். உள்ளிருந்து வெளியே வேகிறது என்று சொல்வது தவறு. அதனால் சோற்றைக் குவித்து வைக்காமல் பரப்புங்கள், நடுவில் விரலால் ஒரு குழி விடுங்கள். மேலே ஒரு கை தண்ணீர் தெளித்து, ஆவி போக ஒரு ஓரம் திறந்திருக்கும்படி மூடி போடுங்கள். பாதி நேரத்தில் எடுத்துக் கிளறுங்கள். மணி அடித்ததும் 2 நிமிஷம் அப்படியே இருக்கட்டும், சூடு பரவும். மூடியைத் திறக்கும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கம் முதலில் தூக்குங்கள், ஆவி முகத்தில் அடிக்காது.

பவர் 50 சதவீதம் என்று வைத்தால் மேக்னட்ரான் பாதி பலத்தில் ஓடுகிறது என்று நினைக்கிறோம். பலத்தையே கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை அல்லாத சாதா ஓவனில் அது முழு பலத்தில்தான் ஓடும், சில விநாடி ஓடி சில விநாடி நிற்கும். காது கொடுத்துக் கேட்டால் முனகல் ஏறி இறங்குவது தெரியும். மீனை உருக்க 30 சதவீதம் போடச் சொல்வது இதனால்தான். ஐஸைவிடத் தண்ணீர் பல மடங்கு அலையைக் குடிக்கும். முதலில் உருகிய ஓரம் மேலும் மேலும் சூடாகி வெந்துவிடும், நடுவில் கல்லாகவே இருக்கும். நின்று நின்று ஓடினால் இடையில் சூடு பரவ நேரம் கிடைக்கிறது. வஞ்சிரத் துண்டுகளைத் தனித்தனியாகப் பரப்பி, பாதியில் திருப்பிப் போட்டு, உருகியதும் தாமதமில்லாமல் சமைத்துவிடுங்கள்.

காலியாக ஓட்டாதீர்கள். குடிக்க ஆளில்லாத அலை திரும்பி மேக்னட்ரானையே சுடும். பிள்ளைகள் பட்டனைத் தட்டும் வீட்டில் உள்ளே எப்போதும் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருப்பது நல்ல பழக்கம். சைல்டு லாக் இருந்தால் போட்டு வையுங்கள்.

சுடுவது இங்கேதான்

என் அம்மாவுக்கே நடந்தது. கண்ணாடி டம்ளரில் தண்ணீரை 3 நிமிஷம் வைத்தார். எடுத்துப் பார்த்தால் ஒரு குமிழி இல்லை, சலனமே இல்லை. "சூடாவலியே" என்று சொல்லிக்கொண்டே காபித்தூளை ஒரு ஸ்பூன் போட்டார். டம்ளரிலிருந்த தண்ணீர் பாதி ஒரே வீச்சில் மேலே எழும்பி மணிக்கட்டில் விழுந்தது. வழவழப்பான கண்ணாடியில், அசையாமல், குமிழி உண்டாக இடமில்லாமல் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். தூளோ ஸ்பூனோ பட்டால் மொத்தமாகக் கொதித்து எழும். குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு 20 நிமிஷம் அம்மாவின் கையை அதில் பிடித்துக்கொண்டு நின்றேன். பேஸ்டும் இங்க்கும் போட வேண்டாம் என்று பக்கத்து வீட்டாரைத் தடுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு மரக்குச்சி போடாமல் தண்ணீர் ஓவனுக்குள் போவதில்லை. மணி அடித்த பிறகு அரை நிமிஷம் கழித்துத்தான் எடுப்போம்.

முட்டையை ஓட்டோடு வைக்காதீர்கள். வேகவைத்து உரித்த முட்டையையும் முழுசாகச் சூடு பண்ணாதீர்கள், வாயில் வைத்துக் கடிக்கும்போது வெடித்தவர்கள் உண்டு. குறுக்கே வெட்டிவிட்டால் பயமில்லை. உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், தோலோடு உள்ள எதையும் ஃபோர்க்கால் குத்திவிட்டு வையுங்கள். இறுக மூடிய பாட்டில், டப்பா கூடாது. எண்ணெய் காயவைக்கவும் பொரிக்கவும் இது இடமில்லை. காய்ந்த மிளகாயை வறுக்க முயன்றால் நெடி வீட்டையே காலி பண்ணிவிடும், தீயும் பிடிக்கும். பண்ருட்டி முந்திரியை வறுக்கலாம், ஆனால் மீடியம் பவரில், 30 விநாடிக்கு ஒரு தடவை கிளறி. அதில் ஈரம் குறைவு, நடுவில் கருகும்போது வெளியே தெரியாது. அடைமழைக் காலத்தில் துணி, செருப்பு உலர்த்த ஓவனைப் பயன்படுத்தாதீர்கள்.

கைக்குழந்தைக்குப் பால் பாட்டிலைச் சூடு பண்ண வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பாட்டில் வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் வாய் வெந்துபோகும் அளவுக்குச் சூடு நிற்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிற்க வைப்பதே வழி.

உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். நிறுத்துங்கள், சுவரில் சுவிட்சை அணையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், கதவு மூடியே இருக்கட்டும். காற்று இல்லாமல் தானாக அடங்கும். திறந்தால் தீ வெளியே வரும்.

சூடு பண்ணினால் சரியாகாத உணவு

"நல்லா கொதிக்க வெச்சிட்டேன், ஒண்ணும் ஆவாது" என்று நம்பித்தான் பலர் வயிறு கெட்டுக் கிடக்கிறார்கள். வடித்த சோறு அறைச் சூட்டில் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை கொதிக்கவைத்தாலும் அழியாது. மீனிலும் அப்படித்தான். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம் போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும். குழம்பு வைத்தாலும், ஓவனில் வைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பெல்லாம் தடிப்பு வரும். காலையில் துறைமுகத்தில் வாங்கிய மீனுக்கு வீடு வரும்வரை ஐஸ் இருந்ததா என்பதுதான் முக்கியம்.

சமைத்த உணவை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், சித்திரை வெயிலில் 1 மணி நேரம்தான் கணக்கு. பெரிய பாத்திரத்தோடு வைக்காமல் தட்டையான டப்பாக்களில் பிரித்தால் சீக்கிரம் குளிரும். சூடு பண்ணும்போது நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும், ஆவி பறக்க வேண்டும். ஒரே தடவைதான். மிச்சத்தை மறுபடி ஃப்ரிட்ஜ், மறுபடி ஓவன் என்று சுற்ற விடாதீர்கள்.

சுத்தம்

தினமும் வேலை முடிந்ததும் ஈரத்துணியால் உள்ளே ஒரு துடை, காய்ந்த துணியால் ஒரு துடை. உப்புக்காற்று வீட்டில் ஈரத்தை உள்ளே விட்டால் அடித்தட்டின் மூலையில் பெயின்ட் கொப்புளிக்கும். கொப்புளம் உடைந்தால் துரு, துருவில் பொறி. கதவை ஐந்து நிமிஷம் திறந்து வைத்து ஆறவிடுங்கள்.

வாரம் ஒரு நாள், கண்ணாடி கிண்ணத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், பாதி எலுமிச்சையை வெட்டிப் போட்டு, மரக்குச்சியும் போட்டு 4 நிமிஷம் ஓட்டுங்கள். நின்றதும் கதவைத் திறக்காமல் 5 நிமிஷம் விடுங்கள். பிசுக்கு தானாக ஊறிக் கழன்று வரும், துணியால் துடைத்தால் போதும். இரும்பு நார், ஸ்க்ரப்பர், ஆசிட், பிளேடு எதுவும் வேண்டாம். கீறல் விழுந்த இடமே அடுத்த துரு. மீன் வாடை போகாவிட்டால் சமையல் சோடாவை ஒரு கிண்ணத்தில் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள்.

மைக்காவை மெல்லத் துடையுங்கள், ஊறவிட வேண்டாம், உளுத்துவிடும். கருகியிருந்தால் மாற்றிவிடுங்கள். விலை குறைவு, அளவுக்கு வெட்டிப் போடும் வேலைதான். தேவனாம்பட்டினம் அக்கா வீட்டில் அதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் கருகலோடு இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் அலை வெளியே வரும் மேக்னட்ரான் மூக்கு உருகியிருக்கும்.

மாதம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பின்னைப் பாருங்கள். பச்சை பூத்தோ கறுத்தோ இருந்தால் பாயின்டையும் சேர்த்து எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஓட்டி முடித்ததும் பிளக் சூடாக இருந்தால் அன்றே காட்டுங்கள். பின்பக்கத் துளைகளைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கரப்பானும் பல்லியும் சூட்டுக்காக உள்ளே போய் கண்ட்ரோல் போர்டில் செத்துக் கிடக்கும். துளைக்குள் கரப்பான் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும். ஓவனுக்குக் கீழே உணவுத் துகள் சேராமல் பார்ப்பதே மருந்து.

புயல் நாட்கள்

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. எச்சரிக்கை வந்ததும் ஓவனின் பிளக்கைப் பிடுங்கி உயரத்தில் வையுங்கள். கரன்ட் திரும்ப வரும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும், கால் மணி நேரமாவது விட்டுப் போடுங்கள். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் உள்ளே இருந்த சோற்றையும் மீனையும் ஓவனில் வைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

வெள்ளத் தண்ணீர் ஏறிய ஓவனை வெயிலில் காயவைத்து ஆன் பண்ணுவது பெரிய ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மருக்குள் சேறும் உப்பும் இருக்கும், மேலே காய்ந்த மாதிரி தெரியும். மெக்கானிக் திறந்து பார்க்காமல் பிளக் போடாதீர்கள்.

பழுதானால்

நீங்களே பார்க்கக் கூடியவை சில. தட்டு சுற்றவில்லை என்றால் வளையத்தின் சக்கரத்தில் பிசுக்கு இருக்கும், அல்லது தட்டைச் சுற்றவைக்கும் நடுக் கப்ளரில் தட்டு உட்காரவில்லை. லைட் எரிகிறது, ஓடவில்லை என்றால் கதவு சரியாக மூடவில்லை, அல்லது சைல்டு லாக் போட்டிருக்கிறது. எல்லாம் ஓடுகிறது, தண்ணீர் சூடாகவில்லை, அல்லது ம்ம்ம் என்று கனத்த முனகல் கேட்கிறது என்றால் உள்ளே உயர்வோல்டேஜ் பக்கம் பழுது. அங்கே கையை எடுத்துவிடுங்கள்.

உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரில் 2000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். அதை வடிக்க ஒரு ரெசிஸ்டர் இருந்தாலும் அது எரிந்துபோயிருக்கலாம். சுவர் பாயின்டில் அடித்தால் கையை உதறித் தப்பித்தவர்கள் உண்டு. இதில் அந்த வாய்ப்பை எதிர்பார்க்கக் கூடாது. ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கும் வீட்டுத் தம்பிமார்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். வீடியோ பார்த்துவிட்டு மூடியைக் கழற்றாதீர்கள். காலேஜ் புராஜெக்டுக்குப் பழைய ஓவன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று பையன்கள் என் கடைக்கு வருவார்கள். எவ்வளவு காசு கொடுத்தாலும் நான் கொடுப்பதில்லை. அதைக் கொண்டு மரப்பலகையில் மின்னல் கோலம் போடப் போய் உயிரை விட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

ரிப்பேருக்கு வருபவர் கதவு சம்பந்தப்பட்ட வேலை எதைச் செய்தாலும், முடித்த பிறகு லீக் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். லாக் சுவிட்சை நேரடியாக ஒயர் போட்டு இணைத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஓவனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இனி தேறாது என்று ஆகிவிட்ட ஓவனை மின்கழிவு எடுப்பவர்களிடம் முழுசாகக் கொடுங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் சுத்தியலால் உடைக்கும் ஆளின் கை அந்தக் கெபாசிட்டரில் படும். கண்ணாடித் தட்டையும் சுழலும் வளையத்தையும் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். தட்டு உடைந்து வேறு கிடைக்காமல் ஓவனையே மூடி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. என் கடை அலமாரியில் இப்படி வந்த தட்டுகள் பதினொன்று இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் விட்டம் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.